இடது இருக்கை

அகியாசோஸ், மித்திலீனித் தீவு
10 அக்டோபர் 1982

தங்கை அர்கிரோவுக்கு அக்கா மிர்சினி எழுதுவது.

இங்கே நான் நலம். கவாலாவில் நீயும் நலமாகத்தான் இருப்பாய். உனக்கு ஒரு தலைவலி வந்தாலும் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும், எனக்குத் தெரியாமலா போகும்?

மூன்று வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதாதவள் இன்று பேனா எடுத்தது ஆசையில் இல்லை. மேஜர் கலம்போகாஸ் ஒரு தடித்த உறை அனுப்பியிருக்கிறார். நம் வீட்டு ஆண்கள் இருவரும் பறந்த பிரிவுக்கு வரலாற்றுப் புத்தகம் போடுகிறார்களாம். அச்சுக்குப் போகும் முன் குடும்பத்தார் பார்க்க வேண்டுமாம். உனக்கும் வந்திருக்கும். நான் ஒரு பக்கம் விடாமல் படித்தேன். துருக்கியோடு நடந்த பழைய சண்டையில், கடல் விமானத்திலிருந்து கையாலேயே குண்டைத் தூக்கிப் போட்டதில் ஆரம்பிக்கிறது. பிறகு பெரிய யுத்தம். பிறகு நாட்டுக்குள்ளேயே அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டபோது மலைமேல் போட்ட குண்டு. அதற்கு மட்டும் அரைப் பக்கம், யாருக்கும் வலிக்காதபடி. பிறகு தீவுகளுக்குத் தபால், பிரசவ வலி கண்ட பெண்களை ஏற்றி வந்தது. கடைசியில் மஞ்சள் விமானங்கள். கடலைத் தொட்டுத் தண்ணீர் அள்ளி எரிகிற காட்டில் கொட்டுகிற வேலை.

இத்தனை பெரிய கதையில் என் ஸ்ட்ராத்திஸுக்கு நாலு வரி. அந்த நாலும் பழி. 1979 ஆகஸ்டில் எவியா மலைத் தீயில் பள்ளத்தாக்கின் ஆழத்தைக் கேப்டன் தவறாகக் கணித்தாராம், அதனால் விமானமும் இருவரும் போனார்களாம். உன் லாசரோஸ் மட்டும் 'கடமை தவறாத உதவி விமானி'.

நான் சும்மா விடமாட்டேன். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தொடையில் இரும்புத் தகடு வைத்துக்கொண்ட ஒருவனுக்கு விமானத்தில் என்ன வேலை? மிதிகட்டையை அவன் நேரத்துக்கு மிதித்தானா என்று விசாரணையில் ஒருத்தராவது கேட்டார்களா? நான் கேட்கப் போகிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு முதுகில் குத்தினாள் என்று அழாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். சண்டை போடத் தெம்பு வேண்டும்.

மிர்சினி


கவாலா
2 நவம்பர் 1982

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். உன் நலத்தை விசாரிக்க வேண்டியதில்லை, நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

நாலு வரி என்று குறைபடுகிறாயே, என்னிடம் கொடுத்திருந்தால் நாற்பது வரி எழுதியிருப்பேன். சகலைகளை ஒரே விமானத்தில் ஏற்றுவதில்லை என்று அந்தப் பிரிவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் ஒரே நாளில் கறுப்பு உடுத்தக் கூடாது என்பதற்காக வைத்தது. அன்றைக்கு வழக்கமான உதவி விமானிக்குக் காய்ச்சல். "லாசரோஸ் வரட்டும், நான் பாத்துக்கறேன்"னு சொன்னது யார்? உன் வீட்டுக்காரர். பார்த்துக்கொண்டார், ரொம்ப நன்றாக.

காலைப் பற்றி இன்னொரு தடவை பேசினாயானால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அந்தக் காலோடுதான் அவர் பறந்தார். ராணுவ டாக்டர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட கால். செப்டம்பரில் கேப்டன் தேர்வுக்குப் போக இருந்தவர். உனக்குத் தெரியாததா? விமானத்தில் இடது இருக்கை கேப்டனுடையது. பள்ளத்தாக்குக்குள் நுழைவதா, திரும்புவதா என்பது இடது இருக்கைக்காரர் கையில் இருக்கிறது. வலது இருக்கைக்காரர் சொன்னதைச் செய்பவர். இடது இருக்கையில் யார் இருந்தார்? அதற்கு மட்டும் பதில் எழுது, போதும்.

இன்னொரு விஷயம். இங்கே நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது, மூன்று வருஷம் ஆனால் குழியைக் காலி செய்ய வேண்டும். எனக்குச் சீட்டு வந்துவிட்டது. ஜனவரியில் கடலில் சிலுவை வீசும் திருநாள் முடிந்ததும் லாசரோஸின் எலும்பை எடுத்துப் பெட்டியில் வைக்கிறேன். முறைப்படி உன்னைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டுவிட்டேன். வராதே.

அர்கிரோ


அகியாசோஸ்
19 டிசம்பர் 1982

அர்கிரோவுக்கு,

நலம். கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுதுவது வழக்கம், எழுதியதாக வைத்துக்கொள்.

நீ கூப்பிட்ட அழகுக்கு நான் வருகிறேனா? நிம்மதியாக இரு. மேஜரோடு காப்பிக்கடைத் தொலைபேசியில் பேசினேன். கடையில் இருந்த அத்தனை கிழவன்களும் சீட்டாட்டத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். "அம்மா, நான் விசாரணை அறிக்கையில இருக்கறதைத்தான் எழுதியிருக்கேன். ஏதாவது ஆதாரம் இருந்தா கோடைக்குள்ள கொடுங்க, மாத்திடறேன்" என்றார். "ஆதாரம் வேணுமா? அவர் எத்தனை தீயை அணைச்சாருன்னு எவியாக்காரங்களைப் போய்க் கேளுங்க"ன்னு கத்திவிட்டு வைத்தேன். கடைக்காரன் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான். பயந்திருப்பான்.

இங்கே குழிக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ஈஸ்டர் கழித்து எடுத்துவிடலாம் என்று பாதிரியார் சொல்கிறார், நானும் சரி என்றுவிட்டேன். சனிக்கிழமை தவறாமல் போய் விளக்கேற்றி, கல்லின் மேல் உட்கார்ந்து அவரிடம் பேசிவிட்டுத்தான் வருகிறேன். உன் லாசரோஸைப் பற்றி நான் சொல்லாத வார்த்தை கிடையாது. "அந்த உதவாக்கரையைப் போய்ப் பக்கத்துல உக்கார வெச்சீங்களே" என்று ஆரம்பித்தேன் என்றால் இருட்டுகிற வரைக்கும் ஓயமாட்டேன். பக்கத்துக் குழிக்கு விளக்கேற்ற வருகிறவள் ஒருத்தி என்னைக் கண்டால் சிலுவை போட்டுக்கொண்டு வேறு பக்கமாகப் போகிறாள். போகட்டும். வேறு யாரிடம் சொல்வேன்?

மிர்சினி


கவாலா
6 பிப்ரவரி 1983

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? குளிரில் உனக்கு மார்ச்சளி பிடிக்குமே, கம்பளி போட்டுக்கொள்கிறாயா?

எலும்பெடுத்தாயிற்று. ஒயினில் கழுவி, வெயிலில் காயவைத்து, பெட்டியில் அடுக்கி எலும்பறையில் வைத்தாயிற்று. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ அத்தானின் குழியைத் திறக்காதே. உங்கள் ஊரில் இடம் இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். தூங்குகிறவரை எழுப்புவானேன்? புத்தக விஷயத்தையும் விட்டுவிடலாம். இரண்டு பேர் பெயரையும் போட்டு, யார் தப்பு என்று ஒன்றும் எழுதாமல் விடச் சொல்லி நாம் இருவரும் சேர்ந்து மேஜருக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். யோசி.

உன் தங்கை
அர்கிரோ


அகியாசோஸ்
3 மார்ச் 1983

அர்கிரோவுக்கு,

மார்ச்சளி இல்லை. நலம்.

'அன்புள்ள' என்று பார்த்ததும் உறையைத் திருப்பிப் பார்த்தேன், வேறு யார் வீட்டுக் கடிதமோ என்று. அத்தானாமே! நவம்பர் கடிதத்தில் 'உன் வீட்டுக்காரர்', இப்போது திடீரென்று அத்தான். என்னடி வந்தது உனக்கு? மேஜர் திருத்திவிடுவாரோ என்று பயமா?

யார் தப்பு என்று எழுதாமல் விடலாம் என்கிறாய். இந்தப் பெரிய மனசு அடக்கத்தன்று எங்கே போயிற்று? விமானதளத்தில், கொடி போர்த்திய இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, எல்லோரும் கேட்கக் கத்தினாயே. "உன் புருஷன் என் புருஷனைக் கொன்னுட்டான். இனிமே உன்னை அக்கான்னு கூப்பிட்டா என் நாக்கு அழுகிப் போகட்டும்." தளபதி மனைவி கையிலிருந்த மலர் வளையத்தைக் கீழே போட்டுவிட்டாள். அந்த அம்மாளுக்கே அப்படி என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்றைக்கு என் பெட்டியைத் தொட்டுக்கூட அழ விடவில்லை நீ.

கையெழுத்துப் போடமாட்டேன். ஈஸ்டர் கழித்துத் திறக்கிறேன். என் புருஷன், என் குழி, என் இஷ்டம்.

மிர்சினி


கவாலா
11 ஏப்ரல் 1983

அக்கா,

நலம் எல்லாம் பிறகு. திறக்காதே என்றால் திறக்காதே. காரணம் கேட்காதே. சின்ன வயசிலிருந்தே உனக்கு இந்தக் குணம்தான், மூடி வைத்த பாத்திரம் எதையும் நீ திறந்து பார்க்காமல் விட்டதில்லை. காலில் விழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறாயா? விழமாட்டேன். ஆனால் திறந்தாயானால் அதன் பிறகு நடப்பதற்கு நான் பொறுப்பில்லை.

அர்கிரோ


அகியாசோஸ்
29 மே 1983

அர்கிரோ,

உடம்பு சரியில்லை என்று எழுதினால் பொய். சரியாக இருக்கிறது என்று எழுதினாலும் பொய்.

நேற்று குழியைத் திறந்தோம். பாதிரியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒயின் கிண்ணத்தோடு நின்றேன். குழிவெட்டி ஒரு எலும்பை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுல இரும்பு வெச்சிருக்கே. கேப்டனுக்குக் கால்ல ஆபரேஷன் ஆச்சா?" என்றான்.

லாசரோஸுக்குத் தகடு வைத்தது எந்தக் காலில்? வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

மிர்சினி


அகியாசோஸ்
10 ஜூலை 1983

எந்தக் கால், அர்கிரோ?


கவாலா
25 ஜூலை 1983

அக்கா,

இடது கால். தொடை.

திருப்தியா? நலம் விசாரிக்க இன்று எனக்கு வாய் வரவில்லை.

ஜனவரியிலேயே எனக்குத் தெரியும். குழிவெட்டி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான், நான் வாங்கிக் கழுவினேன். ஒரு தொடை எலும்பு வந்தது. இன்னொன்றும் வந்தது. இரண்டிலும் ஒன்றுமில்லை. "இரும்பு எங்கேப்பா?"ன்னு கேட்டேன். "இரும்பா? அப்படி ஒண்ணும் இல்லீங்களே"ன்னான். மறுபடி தோண்டச் சொன்னேன். மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலித்தான். பிறகு தலை வந்தது. மேல் வரிசையில் அத்தானின் அந்தத் தங்கப் பல். என் கல்யாணப் போட்டோவில் எனக்குப் பின்னால் நின்று சிரிக்கிற தங்கப் பல். அங்கேயே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

மலையிலிருந்து இறக்கியவர்கள் முகத்தைப் பார்த்துப் பெயர் எழுதவில்லை. பார்க்க முகம் இல்லை. இருக்கையைப் பார்த்து எழுதினார்கள். இடது பக்கம் கிடைத்தவர் கேப்டன், வலது பக்கம் கிடைத்தவர் உதவி விமானி. ஆகஸ்டு வெயிலில் அவசரம் அவசரமாகப் பெட்டியை ஆணியடித்து, திறக்கக் கூடாது என்று சொல்லி நம்மிடம் கொடுத்தார்கள். உனக்கு வந்தது லாசரோஸ் என்றால் இடது இருக்கையில் இருந்தது லாசரோஸ். இதைக் கண்டுபிடிக்க உனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, எனக்கும் ஆகவில்லை.

அந்த வழக்கம் உனக்கும் தெரியும், பிரிவில் எல்லா மனைவிகளுக்கும் தெரியும். தேர்வுக்குப் போகிற உதவி விமானிக்கு, அவன் மேல் பிரியம் வைத்த கேப்டன் ஒருநாள் தன் இடது இருக்கையை விட்டுக் கொடுப்பார். எந்த விதியிலும் கிடையாது, மேஜர் புத்தகத்திலும் கிடையாது. அன்று சாயங்காலம் அந்த உதவி விமானி எல்லோருக்கும் ஊசோ வாங்கித் தர வேண்டும். அன்று ஊசோ குடிக்க ஆள் திரும்பி வரவில்லை.

உனக்கு எழுதினால் என்ன செய்வாய் என்று யோசித்தேன். மேஜரிடம் ஓடுவாய். நாலு வரியும் அத்தான் தலையிலிருந்து என் புருஷன் தலைக்கு மாறும். அதனால் எழுதவில்லை. இத்தனை மாதமாக உன் புருஷனுக்கு விளக்கேற்றிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். மேஜர் கேட்ட ஆதாரம் உனக்குக் கிடைத்துவிட்டது. செய்வதைச் செய். கெஞ்சமாட்டேன்.

அர்கிரோ


அகியாசோஸ்
14 ஆகஸ்டு 1983

அர்கிரோவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். உன் நலத்தைக் கேட்க எனக்கு மனசில்லை.

என் புருஷனைக் கையில் வைத்துக்கொண்டு, 'எல்லாம் நல்லபடியாக முடிந்தது' என்று எழுதினாயே, நீ ஒரு பெண்ணா? கம்பளி போட்டுக்கொள்கிறாயா என்று வேறு விசாரிப்பு!

சனிக்கிழமை சனிக்கிழமை நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தாயா? அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். உதவாக்கரை என்றேன். நொண்டி என்றேன். என் தங்கச்சி உன்னைக் கட்டிக்கிட்ட நாள் நாசமாப் போக என்றேன். மாப்பிள்ளை ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் மூன்றரை வருஷத்துக்கு மேல் கேட்டுக்கொண்டு கிடந்தான். இப்போது நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? அவனைக் கழுவும்போது கேட்டேன். அழுது தீர்த்தேன். ஒயின் போதாமல் பாதிரியார் கோயிலிலிருந்து இன்னொரு குப்பி எடுத்து வந்தார்.

மறுநாளே மேஜருக்கு எழுத உட்கார்ந்தேன். மூன்று பக்கம் எழுதினேன். இடது இருக்கையில் யார், பள்ளத்தாக்குக்குள் நுழைந்தது யார், எல்லாம் எழுதினேன். உன் பதில் வரட்டும் என்று அதை மேசையிலேயே வைத்திருந்தேன். உன் பதிலைப் படித்ததும் அதை எடுத்து இன்னொரு தடவை படித்தேன். எனக்கே பிடிக்கவில்லை.

எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் கேப்டன் கேப்டன்தான். அது அந்தப் பிரிவின் சட்டம், கையால் குண்டு போட்ட காலத்திலிருந்து. "மாப்ளே, இன்னிக்கு நீ இந்தப் பக்கம் உக்காரு"ன்னு சொன்னது என் புருஷன். பள்ளத்தாக்கு கண்ணுக்குத் தெரிந்த பிறகும் 'திரும்பு'ன்னு சொல்லாதது என் புருஷன். தான் செய்ததை அவர் அடுத்தவன் தலையில் கட்டி நான் பார்த்ததில்லை. அவர் செத்த பிறகு நான் கட்டுவதா? மூன்று பக்கத்தையும் அடுப்பில் போட்டேன். நாலு வரி அப்படியே இருக்கட்டும் என்று மேஜருக்கு ஒரு கார்டு போட்டுவிட்டேன்.

இதை உனக்குச் செய்த தயவு என்று நினைத்துக்கொள்ளாதே. உனக்காக நான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. அவருடையது அவரிடமே இருக்கட்டும் என்று விட்டேன், அவ்வளவுதான்.

இந்த மாதக் கடைசி சனிக்கிழமைக் கப்பலில் அவரைக் கொண்டுவா. மித்திலீனித் துறைமுகத்தில் நான் உன்னவரோடு நிற்கிறேன். மாற்றிக்கொண்டு அதே கப்பலில் திரும்பிப் போ. என்னோடு பேசாதே.

மிர்சினி


கவாலா
11 செப்டம்பர் 1983

அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம், இரண்டு பேரும். உன் நலத்தைத் துறைமுகத்தில் கண்ணாலேயே பார்த்தேன். பாதியாக இளைத்துப் போயிருக்கிறாய். பேசாதே என்றாய், பேசவில்லை. பெட்டியை வாங்கும்போது என் கை உன் கையில் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாய், அதையும் பார்த்தேன். நான் ஒன்றும் வேண்டுமென்று தொடவில்லை.

திரும்பி வரும்போது கப்பல்காரன், "மடியில என்னம்மா, கீழே வெக்கக் கூடாதா?" என்றான். "என் வீட்டுக்காரர்"னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான், பிறகு யாரையும் என் பக்கத்தில் உட்கார விடவில்லை.

வழியெல்லாம் உன் கடிதத்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பழியை அத்தானிடமே வைத்துக்கொள்கிறாயாம், அது அவருடையதாம். அப்படியானால் என்னவர் யார்? பக்கத்தில் உட்கார்ந்து வந்த மூட்டையா? தகடு வைத்த அன்று டாக்டர், "இனிமே நீங்க பறக்கறது கஷ்டம்" என்றார். "பறக்கறது என்ன டாக்டர், இடது இருக்கையிலயே உக்காருவேன் பாருங்க"ன்னார் இவர். நான் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அது ஒன்றுதான் அந்த மனுஷனுக்கு இருந்த ஆசை. உட்கார்ந்தார். எத்தனை நிமிஷமோ, உட்கார்ந்தார். அத்தான் உட்கார வைத்தார். அதைப் போய் ஊர் உலகத்துக்குத் தெரியாமல் மூடப் பார்த்தேன், பாவி. நீயும் கர்வத்தில் மூடப் பார்க்கிறாய்.

வந்த மறுநாளே பஸ் பிடித்து விமானதளத்துக்குப் போனேன். மேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இடது இருக்கையில இருந்தது என் வீட்டுக்காரர். அப்படியே போடுங்க"ன்னேன். அவர் கைப்பிரதியில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். பிறகு, "அம்மா, அப்படிப் போட்டா அந்தத் தப்பு உங்க வீட்டுக்காரர் பேர்ல வருமே. உங்க அக்காவே வேண்டாம்னு எழுதிட்டாங்க" என்றார். "அவ யாரு வேண்டாம்னு சொல்ல? அந்த இருக்கையோட சேர்ந்து வர்றது எதுவோ, அதையும் சேத்தே போடுங்க"ன்னேன்.

திருத்திவிட்டார். என் கண் முன்னாலேயே எழுதினார். இருக்கையைக் கொடுத்தவர் பெயரும் இருக்கிறது, உட்கார்ந்தவர் பெயரும் இருக்கிறது. சண்டைக்கு வருவதென்றால் வா. இந்தத் தடவை நான் ஒரு எழுத்தைக்கூட விட்டுத் தரமாட்டேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

கேப்டன் லாசரோஸின் மனைவி,
அர்கிரோ